பயப்படாமல் தூக்குங்கள்

நெடுஞ்சாலையில் ஒரு பைக் சறுக்கி விழுந்தால், டாக்டருக்கும் போலீஸுக்கும் முன்னால் ஓடி வருகிறவர்கள் அங்கே டீக்கடை போட்டிருப்பவர், பஞ்சர் ஒட்டுகிறவர், சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர். ஒருவர் தோளில் கிடக்கும் துண்டை உருவி ரத்தம் வரும் இடத்தில் அழுத்துகிறார். இன்னொருவர் 108-க்குப் போன் போடுகிறார். மற்றொருவர் சிதறிக் கிடக்கும் செருப்பு, செல்போன், டிபன் பாக்ஸை எல்லாம் பொறுக்கிப் பையில் சேர்க்கிறார். அந்தப் போனிலேயே 'அம்மா' என்றிருக்கும் நம்பரைத் தேடி வீட்டுக்குத் தகவல் சொல்கிறார். விழுந்தவர் எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை.

அதே கூட்டத்தில் சிலர் ஒதுங்கியும் நிற்பார்கள். இரக்கம் இல்லாமல் இல்லை. "நமக்கு எதுக்குப்பா வம்பு? போலீஸ் கேஸாயிடும், கோர்ட்டுக்கு அலையணும்" என்ற பயம்.

அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1980-களில் ஒரு ஸ்கூட்டர்காரர் கார் மோதி விழுந்தார். வழியில் போன ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினார். "இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது" என்று அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள், போலீஸ் நடைமுறையெல்லாம் பிறகுதான் என்று 1989-ல் தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் எல்லோருக்கும் அது பொருந்தும்.

தீர்ப்பு மருத்துவரின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டது. தூக்கி வந்தவரின் பயம் மட்டும் தீரவில்லை. 2007-ல் டெல்லியில் பள்ளி முடிந்து வீடு திரும்பிய 17 வயதுப் பையன் ஒருவன் வாகனம் மோதிச் சாலையோரம் கிடந்தான். பார்த்தவர்கள் பலர், தூக்கியவர் எவருமில்லை. ரத்தம் வடிந்தே இறந்துபோனான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி, அந்தத் துக்கத்தோடு 'சேவ் லைஃப்' அமைப்பைத் தொடங்கினார். ஏன் தூக்கவில்லை என்று மக்களிடமே கேட்டது அந்த அமைப்பு. 2013-ல் வெளியான அதன் ஆய்வில், படுகாயமடைந்தவருக்கு உதவப் போகமாட்டோம் என்ற மனநிலையில் இருந்தவர்கள் 74 சதவீதம். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணையும் கோர்ட் அலைச்சலும்தான்.

பயம் இல்லாத இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? 2019-ல் வெளியான வேறொரு ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன், இங்கிலாந்தின் லங்காஸ்டர் ஆகிய மூன்று ஊர்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 சண்டைக் காட்சிகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சம்பவங்களில், சுற்றி நின்றவர்களில் ஒருவராவது நடுவே புகுந்து உதவியிருந்தார். கூட்டம் கூடக் கூட, உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. கூட்டம் வேடிக்கைதான் பார்க்கும் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம்.

'சேவ் லைஃப்' தொடுத்த வழக்கில், உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் விதிமுறைகளை 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு தூக்கும்போது தெரியாமல் ஏதாவது தவறு நேர்ந்து, அடிபட்டவருக்குப் பாதிப்பு வந்தாலும் உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரியைச் சொல்லும்படி போலீஸ் வற்புறுத்தக் கூடாது. சாட்சி சொல்வதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். சேர்க்கைக் கட்டணம் கட்டு என்று மருத்துவமனை அவரைப் பிடித்து வைக்கவும் கூடாது.

2021 டிசம்பரில் தமிழக அரசு மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இன்னொரு கவலையையும் போக்கியது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, தேர்ந்தெடுக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும், அரசே ஏற்கிறது. தொடங்கியபோது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். தூக்கி வந்து சேர்ப்பவருக்கு அப்போது 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. பணத்துக்காக யாரும் தூக்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சந்தேகத்தோடு விசாரிக்கப்பட்ட ஒருவரை அரசே பாராட்டிப் பணம் கொடுக்கிறது என்பது பெரிய மாற்றம்.

உதவும் மனசோடு கொஞ்சம் கவனமும் வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிப்பதுதான் முதல் வேலை. கழுத்தையோ முதுகையோ திருப்பாமல், ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருந்து பேச்சுக் கொடுத்தாலே பாதித் தைரியம் வந்துவிடும்.

2022-ல் தமிழகச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர். இவர்களில் எத்தனையோ பேருக்கு அருகில் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்திருப்பார். உதவுகிறவரின் உரிமைகளை எல்லா மருத்துவமனைகளும் வாசலில், அந்தந்த வட்டார மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எங்கே என்று கேளுங்கள்.