சிடி4 எண்ணிக்கை சொல்வது என்ன?

எச்.ஐ.வி. முதன்மையாகத் தாக்குவது, மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் கொண்ட வெள்ளணுக்களை. கிருமிகள் நுழைந்தால் மற்ற எதிர்ப்பு அணுக்களைத் தூண்டி இயக்குபவை இவையே. உடல்நலமுள்ள பெரியவரின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இவை ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும்.

தொற்று ஏற்பட்ட சில வாரங்களில் இந்த எண்ணிக்கை சட்டெனச் சரிகிறது. குடலின் நிணத்திசுவில் இழப்பு மிகக் கடுமை. பலருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து தணியும். எண்ணிக்கையும் ஓரளவு மீளும். அதன்பின், சிகிச்சை இல்லையென்றால், ஆண்டுக்குச் சராசரியாக 50 முதல் 100 வரை குறைந்துகொண்டே போகும். அறிகுறி தெரியாத இந்தக் காலம் பத்தாண்டுகள்கூட நீளலாம். ரத்தத்தில் வைரஸின் அளவு கூடக்கூடச் சரிவும் வேகமாகும். மருந்தின்றியே வைரஸை அடக்கிவைக்கும் உடல்வாகு மிகச் சிலருக்கே உண்டு.

காசநோய் எந்த எண்ணிக்கையிலும் வரலாம். எண்ணிக்கை குறையக் குறைய அபாயம் ஏறும். 200-க்குக் கீழே இறங்கினால் அது எய்ட்ஸ் நிலை. நியூமோசிஸ்டிஸ் நிமோனியா தாக்கக்கூடும். 100-க்குக் கீழே கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் மூளையுறை அழற்சியும், டாக்சோபிளாஸ்மாவால் மூளைத் தொற்றும் வரலாம். 50-க்குக் கீழே சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கலாம்.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவுக்கு வருவதில்லை. நாளின் நேரத்துக்கேற்பவும், வேறு தொற்றுகளாலும் எண்ணிக்கை ஏறி இறங்கும் என்பதால், தொடர்ந்து எடுத்த அளவுகளின் போக்கையே மருத்துவர்கள் பார்க்கின்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இவ்வணுக்கள் இயல்பிலேயே அதிகம். அவர்களுக்கு விழுக்காட்டுக் கணக்கு பொருத்தமானது.

கூட்டுமருந்து சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதை முன்பு இந்த எண்ணே தீர்மானித்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த வரம்பை 2010-இல் 350 ஆகவும், 2013-இல் 500 ஆகவும் உயர்த்தியது. எண்ணிக்கை 500-க்கு மேல் இருக்கும்போதே தொடங்குவது நல்லது என 'ஸ்டார்ட்' ஆய்வு 2015-இல் காட்டியது. அதே ஆண்டு வரம்பே நீக்கப்பட்டது. எண்ணிக்கை எதுவானாலும் சிகிச்சை தொடங்கும் இம்முறைக்கு இந்தியா 2017-இல் மாறியது.

மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் வைரஸ் அடங்கி, சிடி4 அணுக்கள் பெருகும். மிகத் தாழ்ந்த நிலையில் தொடங்குவோர் சிலருக்கு இயல்பான அளவு திரும்புவதில்லை. எனவே தொடக்கப் பரிசோதனை இன்றும் அவசியம்: தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை யாருக்குத் தேவை, கிரிப்டோகாக்கஸ் பரிசோதனை யாருக்குத் தேவை என்பதை அது காட்டுகிறது. மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிய, வைரஸ் அளவுப் பரிசோதனையே நம்பகமானது.