நொச்சியும் மயிலடியும்

குறுந்தொகை 138-ஆம் பாட்டு நொச்சியின் இலைக்கு மயிலின் அடியை உவமை கூறுகின்றது. இதன் பொருத்தத்தைச் செடியின் இயல்பு கொண்டு ஆராய்வோம்.

நொச்சி, நம் நாட்டில் நீர்க்கரைகளிலும் வேலியோரங்களிலும் இயல்பாய் வளரும் மெல்லிய புதர்ச்செடியாகும். 1753-இல் லின்னேயசு இதற்கு வைட்டெக்ஸ் நெகுண்டோ எனப் பெயரிட்டார். இதன் இளங்கிளைகள் நாற்பட்டையுடையன. கூட்டிலைகள் எதிரெதிராய் அமைந்தவை. அடிப்புறம் நுண்மயிர் செறிந்து வெளிறியிருக்கும். நீலஞ்சார்ந்த சிறுபூக்கள் கிளைநுனியிற் கொத்தாய் மலரும்.

ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரிந்து நிற்கும். ஐந்துடைய இலைக்கு இவ்வுவமை பொருந்துமோ எனின், பொருந்தும் என்க. ஐந்தனுள் கீழிரண்டும் சிறியன. நெடிய மூன்றுமே மயிலின் முன்விரல் மூன்றெனத் தோன்றும். ஆதலின், இவ்வுவமை செடியை நேரிற் கண்டு கூறியதே என நாம் துணிகின்றோம்.