தலையில் அறுவை செய்த குழந்தையின் எதிர்காலம்

'எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்' என்பர் நம் முன்னோர். அச்சிரசின் வடிவமே மாறிய நிலையில் ஒரு குழந்தை பிறந்தால் பெற்றோர் மனம் என்ன பாடுபடும்! "அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும்" என்று மருத்துவர் கூறியதும், "பிள்ளை பிழைப்பானா? பிழைத்தாலும் மற்றவர்களைப்போல் படித்து, வேலை செய்து, குடும்பம் நடத்துவானா?" என்ற ஐயங்கள் எழுவது இயல்பே. அவற்றிற்குரிய விடையை இங்குக் காண்போம்.

நமது மண்டையோடு ஒரே எலும்பன்று. பல எலும்புத் தகடுகள் பொருத்துகளால் இணைந்து அமைந்தது. குழந்தையின் மூளை முதல் இரண்டு ஆண்டுகளில் மிக விரைவாக வளர்கிறது. அதற்கு இடங்கொடுக்கவே இப்பொருத்துகள் இறுகாமல் இருக்கின்றன. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு, ஒரு பொருத்தோ பலவோ முன்னதாகவே இறுகிவிடுகின்றன. பால் கோப்பையைத் தாங்கும் கம்பியை இளம் ரப்பர் மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டால், கம்பியுள்ள இடம் ஒடுங்கி, மற்ற இடம் புடைப்பதை நாம் கண்டிருக்கிறோம். தலையும் அவ்வாறே ஒரு புறம் ஒடுங்கி மறு புறம் நீள்கிறது.

இது தாய் உண்ட உணவாலோ, கிரகணத்தாலோ, பிறர் கண்ணேறாலோ வருவதன்று. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தலையை அழுத்தி உருட்டுவதால் இறுகிய பொருத்து திறவாது. ஒரே பக்கமாகப் படுப்பதால் தலை தட்டையாவது வேறு. அதற்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. இன்னது எது என்பதை மருத்துவரே பிரித்தறிய வேண்டும்.

இவ்வறுவைச் சிகிச்சை பெரும்பாலும் முதல் வயது நிறைவதற்குள் செய்யப்படுகிறது. பெரிய அறுவைதான், இரத்தம் ஏற்றவும் நேரலாம். எனினும் தேர்ந்த குழுவினரிடம் உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது. 1967ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் பால் தெசியே, மண்டை, முக எலும்புகளைத் திருத்தும் தம் முறைகளை ரோம் நகரில் நடந்த அனைத்துலக மாநாட்டில் எடுத்துரைத்தார். அதன்பின் இத்துறை விரைந்து வளர்ந்தது. அக்காலத்தில் சிகிச்சை பெற்ற குழந்தைகள் இன்று நடுவயதினர். ஆகவே, 'வளர்ந்தபின் என்ன ஆகும்?' என்பதற்கு இன்று அனுபவமே விடை கூறுகிறது.

ஒரு பொருத்து மட்டும் இறுகியிருந்தவர்களுள் பெரும்பாலோர் சராசரி அறிவாற்றலுடன் வளர்ந்து, கல்வி கற்று, தொழில் புரிந்து, இல்லறம் நடத்துகின்றனர். தலையில் காதுக்குக் காது ஓடும் தழும்பு முடிக்குள் மறைந்துவிடும். சிலருக்கு நெற்றியோரம் சிறு பள்ளம் இருக்கலாம். சிலருக்குப் படிப்பதிலும் பேசுவதிலும் கவனம் செலுத்துவதிலும் இடர்ப்பாடு தோன்றலாம். ஆசிரியரிடம் முன்கூட்டியே கூறி உதவி பெற்றால் அவர்களும் முன்னேறுவர்.

பல பொருத்துகள் இறுகி, முக எலும்பும் வளராத நோய்களும் உண்டு. குரூசோன், ஏப்பெர் என்பன அவற்றுட் சில. இவர்களுக்கு வளரும் பருவம் முழுவதும் பல அறுவைகள் தேவைப்படலாம். உறக்கத்தில் மூச்சுத் தடை, பார்வை, செவி ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இந்நோயுள்ள ஒருவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆதலின் திருமணத்திற்குமுன் மருத்துவ ஆலோசனை பெறுதல் நன்று. ஒரு பொருத்து மட்டும் இறுகியவர்களுக்கு இவ்வச்சம் பெரும்பாலும் இல்லை.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். "பிள்ளை நன்றாக ஓடியாடுகிறானே, இனி எதற்கு மருத்துவமனை?" என்று பலர் நின்றுவிடுகின்றனர். ஒருநாள் வேலையை விட்டால் கூலி போகும் என்பதை நாமும் அறிவோம். ஆயினும் சிலருக்கு, அறுவை முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரும் மண்டையினுள் அழுத்தம் மிகக்கூடும். அது வலியின்றியே பார்வை நரம்பைக் கெடுக்கலாம். இழந்த கூலியை மறுமாதம் ஈட்டலாம். இழந்த பார்வையை ஈட்ட இயலாது. தீராத தலைவலி, காலையில் வாந்தி, மங்கலான பார்வை ஆகியவை கண்டால் குறித்த தேதிவரை காத்திராமல் உடனே செல்க. குறைகள் தோன்றாவிடினும் மருத்துவர் கூறும் காலம்வரை கண் பரிசோதனையை விடாதீர்.

வளர்ந்தவர்கள் பலர் நினைவுகூர்வது கத்தியின் வலியை அன்று. பிறர் வைத்த பட்டப்பெயரையே. அவ்வலியைத் தவிர்க்க மருத்துவர் வேண்டியதில்லை. ஆயாக் கொட்டகையிலும் பள்ளியிலும் திடலிலும் அக்குழந்தையை அவன் பெயரிட்டே அழைப்போம். தலையைச் சீராக்குவது மருத்துவர் கடன். அது நிமிர்ந்து நிற்கச் செய்வது நம் அனைவரின் கடன்.