மதம் மாறினா சாதி போயிடுமா? அர்விந்த் நிர்மலும் தலித் இறையியலும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

தண்டலத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரு இறையியலாளரைப் பத்திப் பேசப் போறோம். இறையியல்னதும் பிரசங்கம்னு நினைச்சு தாண்டிப் போயிடாதீங்க. இது ஜாதிச் சான்றிதழ், எலெக்‌ஷன், சாலையோரப் பெட்டிக்கடை எல்லாத்தையும் தொடுற கதை.

முதல்ல ஒரு வழக்கு. சூசைன்னு ஒருத்தர். சென்னையில சாலையோரம் உட்கார்ந்து செருப்பு தைக்கிறவர். ஆதிதிராவிடர் குடும்பம், கிறிஸ்தவத்துக்கு மாறினவர். 1980களோட தொடக்கத்துல செருப்பு தைக்கிறவங்களுக்கு அரசு இலவசமா பங்க் கடை கொடுத்துச்சு. பட்டியல் சாதியினருக்கான திட்டம் அது. சூசைக்குக் கிடைக்கல, ஏன்னா அவர் கிறிஸ்தவர். பக்கத்துல உட்கார்ந்து அதே ஊசி, அதே நூல் வெச்சுத் தைக்கிற இந்துவுக்குக் கடை உண்டு.

சூசை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1985 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் சொன்னதோட சாரம் இதுதான்: மதம் மாறின பிறகும் சாதி தொடர்ந்தா மட்டும் போதாது. அதனால வர்ற கஷ்டம், புது மதத்துக்குள்ளயும் அதே அளவு ஆழமா இருக்குன்னு காட்டணும். அதுக்குப் போதுமான ஆதாரம் இல்லை. மனு தள்ளுபடி.

ஆதாரம். இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கங்க. கிட்டத்தட்ட அதே வருடங்கள்ல, அந்த ஆதாரம் எங்கே இருக்குன்னு ஒருத்தர் எழுதிக்கிட்டு இருந்தார். அவர்தான் அர்விந்த் நிர்மல்.

யார் இந்த நிர்மல்?

மகாராஷ்டிரத்துக்காரர், தலித் குடும்பத்தில் பிறந்தவர், வட இந்தியத் திருச்சபையின் குரு. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981 ஏப்ரலில் ஓர் உரை நிகழ்த்தினார். அப்போ அதுக்கு ‘சூத்திர இறையியல்’னு பேர் வெச்சார். அப்புறம் அந்தப் பேரையே விட்டுட்டு ‘தலித் இறையியல்’னு சொல்ல ஆரம்பிச்சார். சூத்திரன்ங்கிறது மேல இருக்கிறவன் கொடுத்த பேரு. தலித்ங்கிறது போராடினவங்க தங்களுக்குத் தாங்களே வெச்சுக்கிட்ட பேரு. சின்ன மாற்றமாத் தெரியும், ஆனா யார் பேசுறாங்கன்னு அதுல தெரிஞ்சுடும்.

1980களின் பிற்பகுதியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்குன்னே ஒரு துறை உருவாச்சு. அதுக்குத் தலைமை நிர்மல். அங்கிருந்துதான் இந்தத் துறையோட அடிப்படைக் கட்டுரைகள் வெளிவந்தன. 1995-ல் இறந்துபோனார்.

அவருக்கு முன்னாடி என்ன இருந்தது?

இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனைன்னு அதுவரைக்கும் கொண்டாடினது பெரும்பாலும் மேலே இருந்து வந்தது. வங்காளத்துல பிரம்மபாந்தவ் உபாத்யாய் சத்-சித்-ஆனந்தம்ங்கிற கருத்தை வெச்சுத் திரித்துவத்தை விளக்கினார். நம்ம பாளையங்கோட்டைக்காரர் ஏ.ஜே. அப்பாசாமி பக்தி மரபை எடுத்துக்கிட்டார். ராமானுஜரோட தத்துவத்துல கிறிஸ்தவத்துக்கு ஒரு மொழி தேடினார். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் எனக்கு பஸ்ஸுல கொஞ்ச தூரம்தான்.

நிர்மல் கேட்டது ஒரே கேள்வி: இந்தியத் திருச்சபையில பெரும்பான்மை தலித் மக்கள். அவங்க வாழ்க்கை இந்தப் புத்தகங்கள்ல எங்கே?

அவர் பதில் சொன்ன விதம் அழகா இருக்கும். பைபிள்ல உபாகமம் 26-ஆம் அதிகாரத்துல இஸ்ரவேலர் சொல்ற ஒரு அறிக்கை வரும்: எங்க முன்னோர் நாடோடியா அலைஞ்சார், எகிப்துல அடிமையானோம், கடவுள் மீட்டார்னு. நிர்மல் அதே மாதிரி தன் முன்னோர் கதையைச் சொல்றார். என் முன்னோருக்கு நாடோடியோட சுதந்திரம்கூட இல்லை; ஊருக்கு வெளியே தள்ளி வெச்சாங்க. நடந்த தடம் தீட்டுன்னு சொல்லி இடுப்புல மரக்கிளையைக் கட்டினாங்க. எச்சில் மண்ணுல விழக்கூடாதுன்னு கழுத்துல மண்கலயம் மாட்டினாங்க. இறையியல் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்கணும்னார். இந்த மக்களைப் பொறுத்தவரை வலி முதல்ல, தத்துவம் அப்புறம். வலிக்குள்ள இருந்துதான் கடவுளை அறிய முடியும்.

இயேசுவையும் அங்கிருந்தே பார்த்தார். இயேசு ஒரு தலித்னு சொன்னார். வம்சாவளியில தாமார், ராகாப்னு சமூகம் ஏளனமாப் பார்த்த பெண்கள். சாப்பிட உட்கார்ந்தது ஒதுக்கப்பட்டவங்களோட. ஆலயத்துல வியாபாரிகளை விரட்டினதை, உள்ளே விடாம நிறுத்தி வெச்சிருந்த புறஜாதியாரோட வழிபாட்டு உரிமையா வாசிச்சார். கோயில் நுழைவுப் போராட்டம் தெரிஞ்ச நாட்டுல அந்த வாசிப்பு எப்படி விழுந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அமெரிக்காவுல ஒரு அண்ணன்

இது காத்துல இருந்து வரல. அமெரிக்காவுல ஜேம்ஸ் கோன்னு ஒரு கறுப்பின இறையியலாளர், ஆர்கன்சாஸ் மாநிலத்துல வளர்ந்தவர். 1967-ல் டெட்ராய்ட் நகரம் கொந்தளிச்சப்போ, நான் படிச்ச இறையியலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்ங்கிற கேள்வி அவரை உலுக்குச்சு. 1969-ல் ‘பிளாக் தியாலஜி அண்ட் பிளாக் பவர்’ புத்தகம் வந்துச்சு. நியூயார்க்கின் யூனியன் செமினரியில் பல பத்தாண்டுகள் கற்பித்து 2018-ல் இறந்தார். இயேசு கறுப்பர்னு அவர் சொன்னதுக்கும் இயேசு தலித்னு நிர்மல் சொன்னதுக்கும் உறவு இருக்கு.

ஆனா ஒரு வித்தியாசம். நிறவெறியால் கறுப்பின மக்கள் வெளியேறித் தனிச் சபைகளே கட்டினாங்க. இங்கே ஒரே சபைக்குள்ளதான் பிரச்சினை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதியை விடணும்னு சுற்றறிக்கை அனுப்பினப்போ, தஞ்சாவூர் பக்கம் உட்காருற இடத்துக்கே பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் இருக்கிற ஊர் நம்ம மாநிலத்துல இருக்கு.

இன்னொண்ணு, சாதி தோல்ல தெரியாது. அதனால கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. நம்ம ஒரகடம் காரிடார்ல ரூம் தேடினவங்களுக்குத் தெரியும்: “தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” பேரு டேவிட்னு சொன்னதும் கேள்வி நிக்காது. “கிறிஸ்டியன்னா... அதுக்கு முன்னாடி?”னு தொடரும்.

சட்டம் என்ன சொல்லுது?

1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதி ஆக முடியும்னு சொல்லுச்சு. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தாங்க, 1990-ல் பௌத்தர்களை. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டுல ஆதிதிராவிடரா இருந்து கிறிஸ்தவரானவங்க பி.சி. பட்டியல்ல வருவாங்க. எஸ்.சி.க்கான 18 சதவீதத்துல இடம் இல்லை, 26.5 சதவீதத்துல மத்த பி.சி. சாதிகளோட போட்டி. தனித்தொகுதியிலயும் நிக்க முடியாது. தண்டலம் இருக்கிற ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதிதான். ஒரு தலித் கிறிஸ்தவர் அங்கே ஓட்டுப் போடலாம், அந்த இட ஒதுக்கீட்டுல வேட்பாளர் ஆக முடியாது.

2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மத நிபந்தனையை எடுக்கச் சொல்லுச்சு. நடக்கல. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டாங்க.

கேள்விகளும் உண்டு

நிர்மலைத் தெய்வமாக்கிட வேண்டாம். தலித் இறையியலை தலித்துகளே எழுதணும்னார். நம்ம குரலை நாமே பேசணும்ங்கிறது நியாயம். அப்போ சபையில இருக்கிற மத்தவங்க மாற வேண்டிய வேலை யாருடையதுன்னு கேள்வி வந்துச்சு. கடவுளையே பணிவிடைக்காரரா, துப்புரவு வேலையில பங்கெடுக்கிறவரா அவர் பார்த்தது, திணிக்கப்பட்ட வேலையைப் புனிதமாக்கிடாதான்னும் கேட்டாங்க. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. மலக்குழியில இறங்கி ஒருத்தர் சாகும்போது அதுக்குப் பேரு சேவை இல்லை. பெண்களோட வலி போதுமான அளவு வரலைன்னு தலித் பெண்கள் சொன்னாங்க. இது கல்லூரியைத் தாண்டி ஊர்ச் சபைக்குப் போகலைன்னும் விமர்சனம் இருக்கு.

ஊருக்குக் கொண்டு போக முயற்சி பண்ணவங்களும் இருக்காங்க. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, எல்லாருக்கும் ‘பரட்டை அண்ணன்’, கீர்த்தனைகளுக்குப் பதிலா நாட்டுப்புற மெட்டுல வழிபாடு அமைச்சார். எல்லாரும் சமைச்சு ஒண்ணா உண்ணுற ‘ஒரு உலை’யைத் தன் இறையியலோட மையமா வெச்சார். சத்தியநாதன் கிளார்க், பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள்ல பணி செஞ்ச அனுபவத்துல, தீட்டுன்னு ஒதுக்கின பறையையே கிறிஸ்துவைப் புரிஞ்சுக்கிற அடையாளமா எழுதினார். அந்தப் புத்தகம் 1998-ல் வந்தது. நம்ம ஏரியாவுல இருந்து உலகத்துக்குப் போன சிந்தனை அது.

இப்போ அந்த ‘ஆதாரம்’ங்கிற வார்த்தைக்கு வருவோம். நீதிமன்றம் சூசைகிட்ட தரவு கேட்டுச்சு. ஒரு பங்க் கடைக்காக வந்தவர் ஒரு சமூகம் முழுசுக்கும் புள்ளிவிவரம் எங்கே போய்த் தேடுவார்? கேள்வி கேக்கப்பட வேண்டியது அவர்கிட்ட இல்லைங்கிறதுதான் நிர்மல் எழுதினதுல எனக்குக் கிடைச்ச பாடம். கல்லறையில சுவர் கட்டினவங்ககிட்ட, ரூம் வாடகைக்குக் கொடுக்கும்போது ‘அதுக்கு முன்னாடி?’ன்னு கேக்கறவங்ககிட்ட கேக்கணும்.

உங்க ஊர்ச் சபையில, ஹாஸ்டல்ல, லைன்ல கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட இதைப் பத்திப் பேசிப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல கேட்போம்.