வன்னியிலிருந்து பார்க்கும் ஹங்கர் கேம்ஸ்

அளவற்ற அதிகாரம் கொண்ட ஓர் ஆட்சியின் கீழ் மக்கள் படும் அவலத்தை, வரப்போகும் ஒரு காலத்தில் நடப்பதாகக் கற்பனை செய்து சொல்லும் கதைகளை டிஸ்டோபியாப் புனைவுகள் என்று அழைப்பது வழக்கம். நல்லுலகம் ஒன்றைக் கனவு காணும் இலக்கியத்துக்கு நேரெதிராக, கெட்டுப்போன உலகத்தைக் காட்டி எச்சரிக்கும் இவ்வகை, பதின்ம வயது வாசகரை மனத்திற்கொண்டு எழுதப்படும் இளையோர் நாவல்களிடையே இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகியது. அவற்றுள் மிகுந்த புகழ் பெற்றது அமெரிக்க எழுத்தாளர் சுசான் கொலின்ஸ் 2008இல் வெளியிட்ட ‘தி ஹங்கர் கேம்ஸ்’ ஆகும். கரி ரோஸ் இயக்கிய அதன் திரைவடிவம் 2012 மார்ச்சில் வெளியாகி, உலகெங்கும் ஏறக்குறைய 69 கோடி அமெரிக்க டொலரை வசூலித்தது.

பனெம் என்ற நாட்டில் கப்பிற்றல் எனப்படும் செல்வச் செழிப்பான தலைநகரம் ஒன்றும், அதற்கு உழைத்துக் கொடுக்கும் பன்னிரண்டு மாவட்டங்களும் இருக்கின்றன. முன்னொரு காலத்தில் நடந்து தோற்ற கிளர்ச்சிக்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயது வரையான ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஆண்டுதோறும் சீட்டுக்குலுக்கித் தலைநகருக்கு அனுப்பவேண்டும். அந்த 24 பேரும் அடைக்கப்பட்ட ஒரு காட்டுவெளியில் ஒருவரையொருவர் கொன்று, எஞ்சும் ஒருவர் வெற்றியாளராவதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கட்டாயமாகப் பார்க்கவேண்டும். சுரங்கத் தொழிலாளர் வாழும் பன்னிரண்டாம் மாவட்டத்தின் காட்னிஸ் எவர்டீன், குலுக்கலில் தன் தங்கையின் பெயர் வந்தபோது அவளுக்குப் பதிலாகத் தானே முன்வந்து போகிறாள். ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் அரக்கனுக்கு இரையாக அனுப்பிய கிரேக்கப் பழங்கதையும், ஒரே இரவில் போட்டி நிகழ்ச்சியையும் ஈராக் போர்க் காட்சியையும் தொலைக்காட்சியில் மாறிமாறிப் பார்த்த அனுபவமும் இக்கதைக்கு வித்திட்டதாகக் கொலின்ஸ் கூறியிருக்கிறார்.

ஒரே படம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமான சர்ச்சையை எழுப்பியது. அமெரிக்காவில், நாவலிலேயே கரிய நிறத்தவளாக வருணிக்கப்பட்ட ரூ என்ற சிறுமியாக அமண்ட்லா ஸ்டென்பர்க் நடித்ததைப் பொறுக்காத இரசிகர் சிலர் தம் இனவெறுப்பைப் பகிரங்கமாகக் கொட்டினர். பிரித்தானியாவில் பன்னிரண்டு வயதினரும் பார்க்கத்தக்க சான்றிதழ் பெறுவதற்காக ஏழு விநாடி அளவான இரத்தக் காட்சி நீக்கப்பட்டது; பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்லும் கதையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், இரத்தத்தைத்தான் காட்டக்கூடாது என்ற இந்தத் தணிக்கை நியாயம் கப்பிற்றல்வாசிகளுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும். தாய்லாந்தில் விடயம் திரையரங்கைத் தாண்டியது. 2014 மே மாத இராணுவப் புரட்சிக்குப் பின்னர், படத்தில் மாவட்ட மக்கள் காட்டும் மூன்று விரல் வணக்கத்தை எதிர்ப்பாளர் தம் அடையாளமாக்கினர். பிரதமர் பிரயுத் சான் ஓச்சாவின் முன்னால் அதைக் காட்டிய மாணவர் அதே ஆண்டு நவம்பரில் தடுத்துவைக்கப்பட்டனர். 2021 பெப்ரவரியில் மியன்மாரின் தெருக்களுக்கும் அது பரவி, ஐக்கிய நாடுகள் சபையில் அந்நாட்டின் தூதுவர் உயர்த்திய விரல்களாகவும் ஆனது.

இந்த வேறுபாடுகளுக்கு இரசனை மட்டும் காரணமாகாது. டிஸ்டோபியாக் கதை எதிர்காலத்தைப் பற்றியது என்பது அமைதியான நாட்டின் பார்வையாளருக்கே பொருந்தும். மற்றவருக்கு அது நிகழ்காலமாகவோ, முடிந்துபோன காலமாகவோ இருக்கிறது. இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் பரந்துள்ள வன்னிப் பெருநிலத்திலிருந்து இப்படத்தைப் பார்ப்பவர் இந்த மூன்றாம் வகையினர்.

சீட்டுக்குலுக்கலையே எடுத்துக்கொள்ளலாம். போர் மீண்டும் மூண்ட 2006க்குப் பின்னர், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் குடும்பத்துக்கு ஒருவர் இயக்கத்தில் சேரவேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. 2008 அளவில் ஒரே வீட்டிலிருந்து ஒருவருக்கு மேற்பட்டோரும் கொண்டுசெல்லப்பட்டனர். பிள்ளைகளைப் பதுங்குகுழிகளில் ஒளித்துவைத்த பெற்றோரும், மணமானவரைப் பிடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பள்ளிப் பருவத்திலேயே அவசரத் திருமணம் செய்துவைத்த பெற்றோரும் அக்காலத்தில் இருந்தனர். 2003 முதல் 2008 இறுதி வரை புலிகள் சிறுவரைச் சேர்த்த 6,000க்கு மேற்பட்ட சம்பவங்களை யுனிசெஃப் நிறுவனம் பதிவுசெய்தது. பனெமில் யார் போவது என்பதைக் கண்ணாடிக் கிண்ணத்துச் சீட்டு தீர்மானிக்கிறது. வன்னியில் அந்தக் கேள்வி பல வேளைகளில் வீட்டுக்குள்ளேயே விடப்பட்டது. தங்கைக்காக அக்கா முன்வரும் காட்சியை உலகம் வீரச்செயலாகக் கொண்டாடியது. ஒரு பிள்ளையைக் கொடுத்து மற்றப் பிள்ளையைக் காக்கவேண்டியிருந்த வீட்டார் அக்காட்சியில் முதலில் காண்பது, பின்னால் நிற்கும் தாயின் முகமாகவே இருக்கும்.

தலைப்பிலுள்ள பசியும் இங்கு உவமையாக நிற்பதில்லை. நாவலில், வறிய பிள்ளைகள் தம் பெயரைக் கூடுதல் தடவை சீட்டில் சேர்த்து, அதற்கு ஈடாகத் தானியமும் எண்ணெயும் பெறுகிறார்கள். பதினாறு வயதுக் காட்னிஸின் பெயர் அவ்வாறு இருபது முறை சேர்ந்திருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடையில் மின்கலமும் எரிபொருளும் அரிதாகி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கும், போரின் இறுதி மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்கும் இந்தக் கணக்கை யாரும் விளக்கவேண்டியதில்லை. அந்தக் கஞ்சியை ஆண்டுதோறும் மே மாதத்தில் காய்ச்சிப் பகிர்வதே இன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தலின் ஒரு முறையாகியிருக்கிறது.

அடுத்தது ஆடுகளம். போட்டியாளர் எல்லையை நோக்கி விலகும்போது, நடத்துநர் காட்டுக்குத் தீமூட்டி அவர்களை மீண்டும் நடுவுக்கு விரட்டுகின்றனர். கிளிநொச்சி நகர் 2009 சனவரி 2இல் அரச படைகளிடம் வீழ்ந்த பின்னர், சனவரி 21இல் ஏறக்குறைய 35 சதுர கிலோமீற்றர் பரப்பையும், பெப்ரவரி 12இல் கரையோரமாகச் சுமார் 14 சதுர கிலோமீற்றர் பரப்பையும், மே 8இல் அதனினும் மிகச் சிறிய ஒரு துண்டையும் அரசாங்கம் பாதுகாப்பு வலயங்களாக அறிவித்தது. அவற்றினுள்ளும் எறிகணைகள் விழுந்தன. வெளியேற முயன்றவரைப் புலிகள் தடுத்தனர், சுட்டதும் உண்டு. சுருங்கிக்கொண்டே போகும் களத்தில் இருபுறமும் அடைபட்டிருந்த அனுபவத்தோடு பார்க்கும்போது, திரையிலுள்ள காடு விசாலமாகத் தோன்றினாலும் வியப்பில்லை.

ஆயினும் படத்தை வன்னியின் உருவகமாக அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான இடத்துக்குப் போய்ச்சேர நேரும். பனெமில் பிள்ளைகளைப் பறிப்பது தலைநகரம்; வன்னியில் பறித்தவர்கள் தலைநகருக்கு எதிராகப் போரிட்டவர்கள். மேலும், அந்த இயக்கத்தில் தாமாக விரும்பிச் சேர்ந்தோரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர், அவர்களை இன்றும் மாவீரர் என்று நினைந்து விளக்கேற்றும் வீடுகள் இருக்கின்றன, பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையின் வீடும் அதே ஒழுங்கையில் இருக்கக்கூடும். நல்லவர், தீயவர் என்று மாவட்டத்தையும் தலைநகரையும் பிரித்துக்கொள்ளும் முதற்படம் இந்தச் சிக்கலைத் தாங்காது.

தாங்குவது, காட்னிஸின் கதையைச் சொல்லும் நான்கு படங்களுள் இரசிகர் பலர் சலித்துக்கொண்ட கடைசி இரண்டுதாம். ஒரே நாவலை இரண்டாகப் பிரித்து 2014இலும் 2015இலும் வெளியிட்ட ‘மொக்கிங்ஜே’ படங்களில் ஆடுகளமும் இல்லை, காதலுக்கும் இடம் குறைவு. இழுத்தடிக்கப்பட்ட இருண்ட படங்கள் என்ற முறைப்பாடு பரவலாக எழுந்ததோடு, இரண்டாம் படமான ‘கட்சிங் ஃபயர்’ ஈட்டிய வசூலை அவற்றுள் எதுவும் எட்டவில்லை. ஆனால் அவற்றின் பொருள் என்ன? அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட பதின்மூன்றாம் மாவட்டம் நிலத்தின் கீழே கடுமையான ஒழுங்கோடு வாழ்ந்து போருக்கு ஆயத்தமாகிறது. அதன் தலைவி கொயின், காட்னிஸைப் படப்பிடிப்புக் குழுவோடு களத்துக்கு அனுப்பிப் பரப்புரைக் காணொளிகளை எடுப்பிக்கிறாள். காட்னிஸ் போய்வந்த மருத்துவமனையைக் கப்பிற்றல் குண்டுவீசி அழிக்க, அந்த இடிபாடும் ஒரு பரப்புரைக் காட்சியாகிறது. இறுதியில் தலைநகரில் ஜனாதிபதி மாளிகையின் முன்னால் குவிந்த பிள்ளைகள் மீது குண்டுகள் விழுந்து, உதவிக்கு ஓடியவர்கள் மீது மறுபடியும் வெடிக்கும்போது காட்னிஸின் தங்கையும் சாகிறாள். அந்தக் குண்டுகள் எந்தத் தரப்பினுடையவை என்ற ஐயம் கிளர்ச்சித் தலைமையின் பக்கமே திரும்புகிறது.

புலிகளின் ‘நிதர்சனம்’ பிரிவு களத்தில் படம்பிடித்த காட்சிகளைப் பார்த்து வளர்ந்தவருக்கும், 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் விழுந்தபோது அங்கிருந்தவருக்கும் இவை சலிப்பூட்டும் காட்சிகளாக இருக்க நியாயமில்லை. விடுவிக்க வந்தவரிடமும் கணக்குக் கேட்கவேண்டியிருக்கிறது என்பதை வெகுசனப் படமொன்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது அரிது. இந்த நான்கு படங்களுள் நிலைக்கத்தக்க பகுதி இதுவே என்பது வன்னியிலிருந்து பார்க்கும்போது கிடைக்கும் தீர்ப்பு.

கப்பிற்றல்வாசிகளின் பாத்திரம் யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வி இன்னும் சங்கடமானது. போரின் கடைசி வாரங்களில் இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலும் ரொறன்ரோவின் நெடுஞ்சாலையிலும் திரண்ட புலம்பெயர் இளையோர், உறவினர் அடைபட்டிருந்த நிலத்தின் காட்சிகளைத் திரைகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாத பன்னிரண்டாம் மாவட்டத்தாருக்கே அவர்கள் நெருக்கமானவர்கள். பார்த்துவிட்டு அடுத்த அலைவரிசைக்குப் போன உலகம் வேறாக இருந்தது.

போர் முடிந்தபின் அரசாங்கம் புனர்வாழ்வுக்கு உட்படுத்திய முன்னாள் போராளிகளுள் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட 594 பேர் இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய 230 பேர் பெண்பிள்ளைகள். இவர்களுள் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்து, 2010இல் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். முதற்படம் திரைக்கு வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர், இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட வவுனியா மெனிக்பாம் முகாமின் கடைசிக் குடும்பங்கள் வெளியேறுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர். அப்போது அந்த 594 பேருள் மிக இளையவருக்கும் பதினான்கு வயது கடந்திருந்தது. பிரித்தானியத் தணிக்கையாளர் இரத்தத்தை நீக்கிக் கொடுத்த சான்றிதழின்படி படத்தைப் பார்க்கும் தகுதி அவர்கள் எல்லோருக்கும் வந்துவிட்டிருந்தது.