காகித வீரரும் களத்து நிருபரும்

யுத்த காலத்தில் ஜனங்களுக்குத் தைரியமும் வேண்டும், உண்மையும் வேண்டும். தைரியத்தைத் தாராளமாக வழங்க எந்தச் சர்க்காரும் தயங்குவதில்லை. உண்மையையோ அளந்து, வடிகட்டி, பல சமயங்களில் அறவே மறைத்து வைப்பதே சர்க்கார்களின் வழக்கம். இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது அமெரிக்கச் சித்திரக் கதைகளில் போர் புரிந்த வீரர்களையும், மெய்யாகவே போர்க்களம் சென்ற பத்திரிகை நிருபர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு இது தெளிவாக விளங்கும்.

சித்திரக் கதை என்றவுடன், சிறுவர் விளையாட்டுத்தானே என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. 'காப்டன் அமெரிக்கா' என்னும் வீரன் ஹிட்லரின் முகத்தில் குத்துவிடும் அட்டைப் படத்துடன் அவனது முதல் இதழ் கடைகளுக்கு வந்தது 1940-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில். ஜப்பானியர் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கியதோ 1941 டிசம்பர் 7-ந் தேதி. அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னரே, ஜோ ஸைமன், ஜாக் கிர்பி என்ற இரு யூத இளைஞர்கள், தங்கள் சர்க்கார் சொல்லத் துணியாததைச் சித்திரத்தில் சொல்லிவிட்டனர். அதற்காக மிரட்டல்களும் வந்தன. பின்னர் கிர்பியே பட்டாளத்தில் சேர்க்கப்பட்டு 1944-ல் பிரான்ஸில் இறங்கினார். சித்திரம் தீட்டத் தெரிந்தவர் என்பதால், முன்னணிக்கும் முன்னே சென்று வேவு பார்த்துப் படம் வரையும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் கால்கள் பனியில் விறைத்துப் புண்ணாகி அவர் ஆஸ்பத்திரி சேர்ந்தார். காகிதத்தில் அவருடைய வீரனுக்கு இத்தகைய கஷ்டம் ஒன்றும் நேர்ந்ததில்லை.

'ஸூப்பர்மேன்' விஷயம் இன்னும் விசித்திரமானது. 1940-ல் 'லுக்' என்ற பத்திரிகையில் அவன் இரண்டே பக்கங்களில் யுத்தத்தை முடித்து, ஹிட்லரையும் ஸ்டாலினையும் ஜினீவாவிலுள்ள சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்தினான். நாஜிப் பத்திரிகையொன்று இதைக் கண்டு சீறி விழுந்தது. ஆனால் மெய்யான யுத்தம் இரண்டு பக்கங்களில் முடியவில்லையே! அமெரிக்க இளைஞர்கள் மடியத் தொடங்கியபின், மலையைத் தூக்கும் வீரன் வீட்டில் இருப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. 1942-ல் ஆசிரியர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். பட்டாளத்தில் சேரச் சென்ற அவ்வீரன், கண் பரீட்சையில், சுவரையும் ஊடுருவும் பார்வையால் அடுத்த அறையிலிருந்த எழுத்துக்களைப் படித்துவிட்டானாம். ஆகவே தகுதியற்றவனென்று தள்ளப்பட்டானாம்!

இது சிரிப்பிற்குரியதுதான். சிரிப்பிற்கு இடமில்லாத பகுதியும் உண்டு. இத்தகைய கதைகள் பலவற்றில் ஜப்பானியர் கோரைப்பல் கொண்ட அரக்கராகவே தீட்டப்பட்டனர். அதே 1942-ம் ஆண்டு முதல், ஜப்பானிய வம்சத்தினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க சர்க்கார் முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். தைரியம் ஊட்டும் சித்திரம் எவ்வளவு எளிதில் துவேஷம் ஊட்டும் சித்திரமாகிவிடுகிறது!

ஸூப்பர்மேன் மற்ற வேளைகளில் பூணும் வேஷம் யாது? மூக்குக் கண்ணாடி அணிந்து, கூச்சத்துடன் நடமாடும் பத்திரிகை நிருபன் வேஷம். கதையில் நிருபன் பொய், வீரன் மெய். ஆனால் யுத்தத்தில் இது தலைகீழாக இருந்தது. வெல்ல முடியாத வீரனே பூசிய வேஷம். மெலிந்த நிருபனே மெய்.

எர்னி பைல் என்ற அமெரிக்க நிருபரை எடுத்துக்கொள்வோம். அவர் தளபதிகளின் திட்டங்களைவிடச் சிப்பாய்களின் பெயரையும், ஊரையும், பசியையுமே அதிகமாக எழுதினார். இத்தாலியில் மாண்ட வாஸ்கோ என்னும் காப்டனின் உடலைக் கோவேறு கழுதைமேல் மலையிலிருந்து இறக்கியதையும், அவர்கீழ்ப் பணிபுரிந்தவர்கள் ஒவ்வொருவராய் வந்து விடைபெற்றதையும் 1944 ஜனவரியில் அவர் எழுதியபோது, அமெரிக்கா முழுவதும் கலங்கியது. களத்தில் போரிடுவோர்க்குக் கூடுதல் சம்பளம் வேண்டுமென்று அவர் வாதாடினார். அதே ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வாறே சட்டம் செய்தது. 1945 ஏப்ரல் 18-ந் தேதி, ஒகினாவா அருகிலுள்ள சிறு தீவொன்றில், ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கியின் குண்டுக்கு அவர் இரையானார்.

அணுகுண்டு வீழ்ந்தபின் நடந்ததையும் நோக்குவோம். வில்பிரட் பர்செட் என்ற ஆஸ்திரேலிய நிருபர் தனியாக ரயிலேறி ஹிரோஷிமா சென்றார். குண்டு வீச்சில் காயமின்றித் தப்பியவர்களும் இனந்தெரியாத நோயால் மடிவதைக் கண்டு எழுதினார். 1945 செப்டம்பர் 5-ந் தேதி லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' அதை வெளியிட்டது. கதிரியக்க நோய் என்பதே கிடையாதென்று அமெரிக்க ராணுவ அதிகாரிகள் மறுத்தார்கள். நாகசாகி சென்ற ஜார்ஜ் வெல்லர் அனுப்பிய செய்திகளை ராணுவத் தணிக்கை விழுங்கிவிட்டது. அவற்றின் நகல்கள் நூலாக வெளிவந்தது 2006-ல். அப்பொழுது வெல்லர் உயிருடன் இல்லை.

நமது தேசத்துக்கும் இதில் அனுபவம் உண்டு. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. யுத்தத்தின் பெயரால் வங்காளத்துப் படகுகளையும் பிரிட்டிஷ் சர்க்கார் பறிமுதல் செய்தது. பஞ்சம் மூண்டது, 1943-லும் அதைத் தொடர்ந்தும் மாண்டவர் சுமார் 30 லக்ஷம் என்பர். சர்க்கார் உண்மையை மூடி மறைத்த வேளையில், கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ், 1943 ஆகஸ்டு 22-ந் தேதி, வீதிகளில் மடிவோரின் புகைப்படங்களைத் துணிந்து பிரசுரித்தார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகை; ஆசிரியரும் ஆங்கிலேயர். ஆயினும் அந்தப் படங்களுக்குப் பின்னரே உலகம் கண் விழித்தது.

வீரக்கதைகள் கூடாதென்பது நமது கட்சியன்று. சோர்ந்த உள்ளத்துக்கு அவை ஊன்றுகோல். அநீதியைக் கண்டு முதலில் கை ஓங்கியவனும் ஒரு காகித வீரனே. ஆனால் ஊன்றுகோலையே கண்ணாகக் கொள்ளலாமா? இன்றும் எங்கு போர் மூண்டாலும், வெற்றிப் படங்கள் நாழிகைக்கு நாழிகை வந்து குவிகின்றன. மாண்டோரின் பெயர்கள் வருவதில்லை. தேசபக்தி என்பது கேட்க இனியதை மட்டும் கேட்பதன்று. அரசியல் ஊழியம் செய்வோர், வெற்றிப் படம் கைக்கு வந்ததும் கரகோஷம் செய்வதற்கு முன், களத்தில் கண்டவன் என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டும். அவன் வாயை அடைத்திருந்தால், அடைத்தவர் யார், எதற்காக என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளைக் கேட்கும் துணிவுள்ள ஜனங்களைப் பிரசாரத்தால் ஏய்த்துவிட எந்தச் சர்க்காராலும் ஆகாது.