வளைந்த கோல்

"அநியாயம் சார்!"

பல வருடங்களுக்கு முன், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் முகத்தைப் பார்த்து இப்படிச் சொன்னான். வகுப்பில் சாக்பீஸ் பெட்டியைக் காணோம். அவன்தான் எடுத்திருப்பான் என்று நானாகவே முடிவு கட்டி, வெளியே நிற்க வைத்துவிட்டேன். மாலையில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பெட்டி என் பைக்குள்ளேயே இருந்தது!

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவன் சொன்ன சொல்தான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா, குழந்தைகளே?

அநியாயம், அநீதி இரண்டும் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. சுத்தம் - அசுத்தம், தர்மம் - அதர்மம் என்பது போல, முன்னால் நிற்கும் 'அ' பொருளை எதிர்மறை ஆக்கிவிடுகிறது. நீதி என்ற சொல்லின் வேருக்கு 'வழிநடத்து' என்று பொருள். 'நாயகன்' பிறந்ததும் அதே வேரில்தான். ஆக, நல்வழியில் நடத்துவது நீதி. தவறான வழியில் நடத்துவது அநீதி.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொன்னார்கள்? நம் முன்னோர் அரசனின் கையில் இருந்த கோலைக் கொண்டே சொன்னார்கள். நேரான கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். 'கொடுமை' என்ற சொல்லுக்கே வளைவு என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் 55-வது அதிகாரம் செங்கோன்மை, அடுத்ததே கொடுங்கோன்மை. 12-வது அதிகாரமான நடுவு நிலைமையில், ஒரு பக்கமும் சாயாத தராசுக் கோலை வள்ளுவர் உவமை காட்டுகிறார்.

சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன், பொற்கொல்லன் பேச்சை நம்பி, தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். பிறகு கண்ணகி வந்து தன் சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து! மன்னன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. தன் கோல் வளைந்துவிட்டதே என்று கலங்கி, அங்கேயே உயிரை விட்டான்.

நானும் அன்று விசாரிக்கவில்லையே! மறுநாள் காலை, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், "தப்பு என்மேல்தான்ப்பா, மன்னிச்சுக்கோ" என்றேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

குழந்தைகளே, பெரியவர்களே செய்தாலும், தவறு என்று பட்டால் அந்தப் பையனைப் போலத் தைரியமாகச் சொல்லுங்கள். வகுப்புத் தலைவனாகவோ, விளையாட்டில் நடுவராகவோ இருக்கும்போது உங்கள் கோல் வளைந்தால், நீங்களே அதை நிமிர்த்திவிடுங்கள். சரிதானே?